மாடியில் சோதனை

"கதவத் தெறக்கலன்னா உடைச்சிட்டுப் போங்க சார். சட்டம் உங்களுக்கு அந்த அதிகாரத்தக் குடுத்திருக்கு!"

வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் மாடிப்படியின் கீழே நின்று கத்துவது ஜெயத்துக்குக் கேட்டது. சாரம் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டு மாடியில்தான் அவளும் மகள் அபியும் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறார்கள்.

உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயமே திறந்தாள்.

"வெளிநாட்டார் பதிவு ஆபீஸ்லேருந்து வர்றோம்மா," என்றார் அதிகாரி கலியமூர்த்தி. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். "இந்த வீட்ல வெளிநாட்டுக்காரங்க பதிவு இல்லாம தங்கியிருக்கறதா மனு வந்திருக்கு. சோதனை போடணும். இலங்கைதானே நீங்க? பதிவுச் சீட்டை எடுங்க."

"இருக்கு ஐயா. மாசாமாசம் வந்து கையெழுத்து வைக்கிறனான்."

தகரப் பெட்டியைத் திறந்தாள். சீட்டு இல்லை.

கவிழ்த்துக் கொட்டினாள். அப்போதும் இல்லை. நாளைக்கு அபிக்கு பிளஸ் டூ பரீட்சை. இன்றைக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டால்?

"மனு எழுதினது நாந்தான்!" தனிஸ்லாஸ் மாடிக்கே வந்துவிட்டார். "பாரீஸ்லேருந்து பையன் வர்றான், காலி பண்ணுன்னா, பரீட்சை முடியட்டும்ங்குது இந்தம்மா. வெளிநாட்டுக்காரங்களுக்கு எடம் குடுத்தா இப்படித்தான் சார்."

ஒரு போலீஸ்காரர் பாயை உதறினார். இன்னொருவர் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டார்.

"அபி, நேற்று ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு போனியல்லோ?"

அபி புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறினாள். கெமிஸ்ட்ரி புத்தகத்திலிருந்து சீட்டு விழுந்தது.

கலியமூர்த்தி வாங்கிப் பார்த்தார். 28-2-2008, போன வாரத்து முத்திரை.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

ஜெயம் கொட்டியதையெல்லாம் அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள்.

"மனுவுல மாடின்னு இல்ல, வீடுன்னுதான் இருக்கு," கலியமூர்த்தி திரும்பினார். "கீழயும் பாத்துடறோம் சார்."

"என் வீட்டையா?" தனிஸ்லாஸ் தடதடவென்று இறங்கிப்போய் ஒரு பாஸ்போர்ட்டோடு திரும்பினார். "என்ன யாருன்னு நெனச்சீங்க? பிரான்ஸ் பட்டாளத்துல இருவது வருஷம் சொல்தாவா இருந்தவன். பிரெஞ்சு சிட்டிசன்! நல்லாப் பாருங்க!"

கலியமூர்த்தி நன்றாகவே பார்த்தார். பக்கம் பக்கமாக.

"இங்க தங்கறதுக்கான அனுமதி போன ஏப்ரலோட முடிஞ்சிருக்கே. புதுப்பிக்கலியா?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்? நான் பொறந்ததே இந்த ஊரு குருசுக்குப்பத்துல!"

"பாஸ்போர்ட் அப்படிச் சொல்லலியே. உங்க மனு உண்மைதான் சார். பதிவு இல்லாத வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இந்த வீட்ல இருக்கார். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடுங்க. வரலன்னா, அதே அதிகாரத்தோட நாங்க வருவோம்."

ஜீப் போய்விட்டது. தனிஸ்லாஸ் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரைப் பார்ப்பது, என்ன எழுதுவது, ஒன்றும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

ஜெயம் ஒரு டம்ளர் தண்ணீரோடு இறங்கி வந்தாள்.

"அந்த ஆபீஸில முதல்ல மூண்டாம் சன்னல்லதான் நிக்கோணும் ஐயா. ரெண்டு போட்டோ எடுத்து வையுங்கோ. அபியைப் பரீட்சைக்கு விட்டிட்டு, நானும் உங்களோட வாறன்."