பஸ் நிக்குமா?

மூன்றாவது சுற்றுலா நிறுவனத்தின் கண்ணாடி மேஜையில் மதிய வெயில் விழுந்து கண் கூசுகிறது. கணவர் பனிமலைப் படங்களைப் புரட்டிக்கொண்டிருக்க, முந்தைய இரண்டு இடங்களில் கேட்டதையே மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "கூட்டத்துல யாராவது வழி தவறிட்டா, பஸ் நிக்குமா?" "பத்து நிமிஷம் பாப்போம்மா, அப்புறம் கிளம்பிடுவோம்," என்கிறாள் மேஜைக்குப் பின்னால் இருக்கும் பெண். "ஏன், குழந்தைங்க வர்றாங்களா?" கணவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதை மனைவி ஒரு மாதமாக அவரிடமே மறைத்து வைத்திருக்கிறாள். விரல்கள் கைப்பையின் வாரை முறுக்குகின்றன. தலைக்கு மேல் ஏசி உறுமிக்கொண்டிருக்கிறது. "குழந்தை இல்லம்மா, நான்தான்," என்கிறார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இப்பல்லாம் வழி ஞாபகம் இருக்கறதில்ல. இவ பயந்துடுவாளேன்னுதான் இதுவரைக்கும் சொல்லல."