திங்கட்கிழமை முகம்

இணையத்தில் புனைபெயரில் காமிக்ஸ் வரைபவள் மதிவதனி. ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாக விழித்துப் பார்த்த முகத்தை ஒரே ஒரு கட்டத்தில் வரைந்திருந்தாள். யாரோ ஒரு ரசிகன் அதை மட்டும் வெட்டியெடுத்து, கீழே 'திங்கட்கிழமை வந்துருச்சா?' என்று எழுதி ஸ்டிக்கராக்கிவிட்டான். அது ஊரெல்லாம் பரவியது. வேண்டாமென்று அவள் கெஞ்சியதற்கும் அதே ஸ்டிக்கரைத்தான் பதிலாகப் போட்டார்கள்.

ஞாயிறு சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "வதனி, சித்தி ஒரு படம் அனுப்பியிருக்காடி. அந்த மூஞ்சியப் பாரேன், அப்படியே உங்கப்பா! லீவு முடிஞ்சா இப்படித்தான முழிப்பாரு?"

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா போனபின் அம்மா சிரித்து அவள் கேட்டதேயில்லை.

"எந்தப் புண்ணியவான்டி வரைஞ்சிருப்பான்?"

"தெரியலம்மா" என்றாள் மதிவதனி.