கால்ல விழுந்தாலும்

பாலத்தின் உச்சியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கால் வந்தது, பெடல் வரவில்லை.

இன்ஜின் அலறியது.

முன்னால் இறக்கம். இறக்கத்தின் அடியில் சிக்னல், அதைத் தாண்டினால் மார்க்கெட். பஸ்ஸில் நாற்பத்து மூன்று பேர், பாதிப் பேர் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன்.

கையும் காலும் அவற்றுக்குத் தெரிந்ததைச் செய்தன. வாய்தான் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது.

காரணம், பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர். என் தங்கை புருஷன். நானும் அவனும் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

எல்லாம் ஒரு பீரோவால் வந்த வினை. அவர்கள் வீடு மாறிய அன்று பீரோவைப் படியேற்றினோம். நான் மேல்படியில், அவன் கீழ்ப்படியில், முகத்துக்கு முகம். "இடது பக்கம் சாய்" என்றேன். மகராசன் அவனுடைய இடது பக்கம் சாய்த்தான். கண்ணாடி சுக்குநூறாகிவிட்டது. யாருடைய இடது பக்கம் என்று ஆரம்பித்த பேச்சு, செத்துப்போன எங்கள் அப்பாக்கள் வரைக்கும் போனது.

"இனிமே நீ என் கால்ல விழுந்தாலும் உன்கூடப் பேசமாட்டேன்" என்றேன்.

"நீங்களா வந்து பேசற வரைக்கும் நானும் வாயைத் திறக்கமாட்டேன்" என்றான். அந்தக் கோபத்திலும் 'நீங்க'தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒரே டிப்போ, ஒரே பஸ், ஒரே ஷிப்ட். ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன், இரண்டு அடித்தால் எடுப்பேன். ஏழு மாதமாக எங்கள் உறவே அந்த விசிலில்தான் ஓடியது. காரணமில்லாமல் நீளமாக ஒன்று வந்தால் அது எனக்கான வசவு. முன் சீட்டில் தினமும் வரும் டீச்சரம்மாவுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும், அந்த விசிலுக்கெல்லாம் அர்த்தமும் தெரியும்.

இதற்கு நடுவில் தங்கைக்குப் பெண் பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை. "மொதல்ல அவர்கிட்டப் பேசு, அப்புறம் வந்து பாரு" என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு போட்டோகூட அனுப்பவில்லை, கல்நெஞ்சக்காரி. மூக்கு அப்படியே என் மூக்கு என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து முகம் கழுவும்போதெல்லாம் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், ஒரே தங்கை, முதல் குழந்தை.

இன்ஜின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. சிக்னல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கூப்பிட்டால் மானம் போகும். போய்த் தொலையட்டும் என்று தோன்றியது.

"மாப்ளே!"

பஸ்ஸே நிமிர்ந்து பார்த்தது. டீச்சரம்மா போனை மடியில் போட்டார். அவன் கையில் டிக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டான். காதில் விழுந்தது நிஜம்தானா என்ற சந்தேகம் அவனுக்கு.

"ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சு மாப்ளே! ஓடிவந்து பெடலைப் புடிச்சு மேல தூக்கு!"

பையை யாரோ ஒருவர் மடியில் எறிந்துவிட்டு ஓடிவந்தான். டிக்கெட்டையும் விசிலையும் தவிர அவனுக்கு பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. என் சீட்டுக்குப் பக்கத்தில் தடாலென்று குப்புற விழுந்து கையை உள்ளே விட்டான். அவன் தலை என் கால்மேல் இருந்தது. தரையில் கிடந்த ரப்பர் விரிப்பு மடிந்து பெடலை அமுக்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரிப்பைப் பிடுங்கினான்.

பெடல் மேலே வந்தது. அலறல் அடங்கியது. சிக்னலுக்கு இருபதடி முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கீழே கிடந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தான். முகமெல்லாம் மண்.

"மச்சான், இதை எந்தப் பக்கம் சாய்க்கணும்னு கேக்கலையே நான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும்தான். பஸ் மொத்தமும் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தது.

"இவர் வாயைத் திறந்தாச்சு, அவர் கால்ல விழுந்தாச்சு. ரெண்டு பேருமே தோத்தாச்சு. வண்டியை எடுங்கப்பா, எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகுது" என்றார் டீச்சரம்மா.

இரண்டு விசில் கொடுத்தான். அது போதாதென்று, "போலாம் மச்சான்" என்று வாயாலும் சொன்னான்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டில் நின்றேன். குழந்தையைக் கையில் வாங்கினேன். பாவம், மூக்கு என்னுடையதேதான். நான் அந்த மூக்கையே தடவிக்கொண்டிருந்தேன், அதனால் அவனே பேசினான். எங்கள் உயிரைக் காப்பாற்றிய கதையை வாசலில் ஒரு தடவை, சமையலறையில் ஒரு தடவை, பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் ஒரு தடவை. முதல் தடவை அறுபதில் போன பஸ் மூன்றாம் தடவை தொண்ணூறில் போனது. மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

மறுநாள் டிப்போ மெக்கானிக் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏண்ணே, நியூட்ரல்ல போட்டு பிரேக்கை மிதிச்சிருந்தா வண்டி தானா நின்னிருக்குமே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மாப்ளே என்று கத்துவதற்கு முன்பே வண்டி நியூட்ரலில்தான் இருந்தது.