ஆணித்துளை

எங்கள் வீட்டுச் சுவர்கள் கழற்றி மாட்டும் பலகைகள், நாளை வேறொருவர் வீட்டுக்குப் போக வேண்டியவை. அதனால் ஆணி அடிக்கத் தடை. துளை விழுந்தால் சுவர் குப்பைக்குப் போய்விடும், அபராதம் நமக்கு வரும். இறந்துபோன என் கணவரின் படம் பதினொரு மாதமாக ஃபிரிட்ஜ் மேல்தான் சாய்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் விழும். எடுத்து எடுத்து வைத்து அலுத்துவிட்டது.

இன்று கூடத்துக்கு மாற்றுச் சுவர் வந்தது. அதைக் கொண்டுவந்த ஊழியர் இருதயம் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இதுல பழைய ஆணி ஓட்டை இருக்கு. குப்பைக்கு எழுதிடவா?"

துளைக்குக் கீழே குங்குமக் கறை, ஊதுபத்திப் புகையின் கருமை.

"வேண்டாம்ப்பா, இதையே நிறுத்துங்க."

அவர் பெருமூச்சு விட்டார்.

"இது இதுவரைக்கும் போன அஞ்சு வீட்டுலயும் கேட்டுட்டேன்க்கா. ஒருத்தரும் இதைக் குப்பைக்கு விடல."