விறைப்பானது

பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்குகள் இரண்டு சோடி இருந்தன. ஒன்று சற்று வளைந்துகொடுக்கும். மற்றது ஒரே விறைப்பு.

"அக்கா, இதில எனக்கு எது?" என்று தங்கை ஆரபி கேட்டாள்.

அணியில் ஒரே இடம்தான் மிச்சம். இருவருமே அதற்குத்தான் போட்டியிடுகிறார்கள். பாதை மேடும் பள்ளமுமாக உறைந்திருப்பதை அக்கா துளசிகா காலையிலேயே பார்த்திருந்தாள். விறைப்பானது ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே முழங்காலுக்கு அனுப்பிவிடும்.

"விறைப்பானதைப் போடு. வேகம் வரும்."

தேர்வு ஓட்டத்தின் மூன்றாவது வளைவில் ஆரபியின் முழங்கால் திருகிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்கள். என்ர காலுக்குத்தான் பலம் காணாமப் போச்சு."

"ஓமடி," என்று துளசிகா அவள் நெற்றியைத் தடவினாள். "அடுத்த வருசம் பாப்பம்."

பிறகு தன் முறைக்காக மேலே போனாள்.