கல்யாணப் பென்டிரைவ்

நான் வேலைக்கு விண்ணப்பிப்பது தெரிந்ததும் என் கணவன் கதிரேசன் என் லேப்டாப்பின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். பதினோரு நாள் கேட்டேன். "வேலைக்குப் போய் என்ன கிழிக்கப்போற?" என்று சிரித்தான்.

இன்று அவனுடைய லேப்டாப்பிலேயே, ஸ்டுடியோக்காரர் மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்த பென்டிரைவைச் செருகினேன். அதன்மேல் அச்சிட்ட படத்தில் மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவர். புதிய விண்டோஸை இந்தப் பென்டிரைவில் ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது.

"ஏய், அதுல நம்ம கல்யாண வீடியோ இருக்குடி" என்றான் சோபாவிலிருந்த கதிரேசன்.

"தெரியும்."

அழுத்தினேன்.

பிறகு அதை என் லேப்டாப்பில் செருகினேன். ஒரு மணி நேரத்தில் அவன் போட்ட பாஸ்வேர்டும் அழிந்து எல்லாம் புதிதாகி, புது பாஸ்வேர்டு கேட்டது. கதிரேசன் பின்னால் வந்து நின்றான்.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

நின்றுகொண்டே இருந்தான். எனக்கென்ன, பதினோரு நாள் காத்திருந்தவள்.