ஹஃபீலாவின் சஹன்

ஆறு பேர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கிருமி இருந்தால் கல்யாணச் சாப்பாட்டையே நிறுத்துவேன் என்றான் சுகாதாரப் பரிசோதகன் ஹுனைஸ். சமையல்காரி ஹஃபீலாவுக்குக் கொதித்தது. அவள் குசினிக்கு மாசிக் கருவாடு இரவல் கேட்கப் போன நான் நகரவில்லை.

ஹுனைஸ், கிருமி பட்டால் ஒளிரும் நனோத் திரவத்தைச் சஹனில் தெளித்து, குசினிக் கதவைச் சாத்தி, நீல டோர்ச் அடித்தான். விளிம்பைச் சுற்றிப் பச்சையாக ஏழு கைத்தடங்கள்.

“ஒரு சஹனுக்கு ஆறு பேர்தானே ராத்தா?”

“ஓம் தம்பி, உங்கட மருந்துக்குத்தான் எண்ணத் தெரியாது!”

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் ஏழு. கொதிநீர் ஊற்றினாள். ஏழு. வெளியே மாப்பிள்ளை வீட்டு வேன் ஹோர்ன் அடித்தது.

“அல்லாஹ்வே, யாருடா நீ!” என்று சாம்பல் போட்டு உரசினாள்.

இம்முறை ஆறு தடங்கள் போய்விட்டன. ஏழாவது கை மட்டும், இறைச்சி வைக்கும் நடுவிடத்துக்கு நகர்ந்திருந்தது.